இரண்டு முறை இழுத்தால் காபி

ஷேர் ஆட்டோவில் என் மடியில் இருந்த பெட்டிக்குள் ஒரு சைரன் இருந்தது. கையால் சுற்றுகிற வகை. மின்சாரம் போனாலும் ஊதும், கொட்டும் மழையிலும் ஊதும், கைப்பிடி எதிலாவது மாட்டிக்கொண்டாலும் ஊதும். மூன்றாவது விஷயம் எனக்கு அன்றுதான் தெரியவந்தது.

பினாங்கில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில் வெள்ளப் பிரிவு என்று ஒன்று உண்டு. இருபத்திரண்டு வருடமாக அதில்தான் நாற்காலி தேய்க்கிறேன். மூன்று சைரன் வாங்கினோம். இரண்டுக்கு இடம் கிடைத்தது. மூன்றாவதை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஏழு கூட்டம் போட்டோம், ஏழிலும் நல்ல பலகாரம் கொடுத்தார்கள். அந்தச் சமயத்தில் சென்னையில் ஒரு பேரிடர்த் தயார்நிலைப் பயிற்சிக்கு எனக்கு அழைப்பு வந்தது. எங்கள் தலைவர் என்னையும் சைரனையும் சேர்த்து அனுப்பிவைத்தார். இரண்டும் அலுவலகத்தில் இல்லாமல் போனதில் அவருக்கு நிம்மதி என்று பிறகு கேள்விப்பட்டேன்.

பயிற்சி நடத்தியவர்கள் எனக்கு இரண்டு வேலை கொடுத்தார்கள். காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் தெருவில் இந்தச் சைரனை ஒப்படைக்க வேண்டும். அந்தத் தெரு வெள்ளத்துக்கு எவ்வளவு தயாராக இருக்கிறது என்று ஒரு படிவத்தை நிரப்ப வேண்டும். என் மனைவி மூன்றாவதாக ஒரு வேலை கொடுத்திருந்தாள். அரக்கு நிறம், மாம்பழ நிறக் கரை, வேறு எதையாவது வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வராதீர்கள் என்பது அந்த வேலை.

ஷேர் ஆட்டோவில் பக்கத்து இருக்கைக்காரர் இறங்கும்போது அவருடைய பையின் காது, சரியாக மூடாத பெட்டியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த கைப்பிடியில் மாட்டியது. அவர் இழுத்தார். சைரன் ஊதியது. முன்னால் போன லாரி ஒதுங்கி வழிவிட்டது, அதற்கு முன்னால் போன பேருந்தும் ஒதுங்கியது. பின்னால் இருந்த இரண்டு பெண்கள் தெலுங்கில் ஏதோ சொல்லிக்கொண்டார்கள். எதிரே இருந்தவர் கேட்காமலே எனக்கு மொழிபெயர்த்தார்: “இவன் மூஞ்சியைப் பார்த்தா குண்டு வைக்கிறவன் மாதிரி இல்லையே, பாவம்.” ஓட்டுநர் மட்டும் மகிழ்ச்சியாக இருந்தார்.

“சார், இத்த தெனமும் எடுத்துக்கினு வாங்க சார். ரோடே காலியாயிடுச்சு பாருங்க.”

இறங்கியதும் முதல் வேலையாக ஒரு கடையில் சின்னப் பூட்டு வாங்கிப் பெட்டியை இறுக்கிப் பூட்டினேன். அந்தப் பூட்டைப் பற்றிப் பிறகு சொல்ல வேண்டியிருக்கிறது, சொல்ல ஆசையில்லை.

தெருவில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நின்றன. எல்லா வீட்டிலிருந்தும் தறிச் சத்தம் வந்தது. தெருவின் வெள்ளக் குழுவுக்குத் தலைவி கோமதி. நாற்பத்தைந்து வயது இருக்கும், நெய்கிறவர், காதில் எப்போதும் ஒரு பென்சில். வாசலிலேயே நின்று வரவேற்றார். எங்கள் ஊர் வழக்கப்படி “பசியாறிட்டீங்களா அம்மா?” என்று கேட்டேன். அவர் ஒரு கணம் யோசித்தார்.

“நாங்க பசிச்சவங்க மாதிரியா இருக்கோம்?” என்று கேட்டுவிட்டு உள்ளே போய் இட்லி கொண்டுவந்தார்.

காஞ்சிபுரம் இட்லியை நான் அதுவரை சாப்பிட்டதில்லை. மிளகு, சீரகம், சுக்கு, நெய் எல்லாம் போட்டு இலையில் அவித்தது. பினாங்கில் நாங்கள் சாப்பிடும் இட்லி எந்தக் கருத்தும் இல்லாமல் வெள்ளையாகத் தட்டில் கிடக்கும். இது கருத்துள்ள இட்லி. நான்கு சாப்பிட்டேன். ஐந்தாவதை என்னைக் கேட்காமலே வைத்தார்கள்.

சாப்பிட்டுவிட்டுப் பட்டியலை எடுத்தேன். பயிற்சிக்காரர்கள் அதில் ஒரு பெயரைச் சிவப்பில் வட்டமிட்டிருந்தார்கள். ஏகாம்பரம், தெருவின் கடைசி வீடு, கால்வாய்க்குப் பக்கம், பிறவியிலேயே காது கேட்காதவர், தற்போது தனியாக வசிக்கிறார். அவரைப் பார்க்க வேண்டும் என்றேன்.

“ஏகாம்பரமா? அவன் காலையிலயே குழியில எறங்கிட்டான் சார்.”

நான் கைகழுவிய சொம்பைக் கீழே வைத்தேன். ஒரு நாள் முன்னால் வந்திருக்கலாமே என்று உண்மையாகவே வருத்தமாக இருந்தது. “என் ஆழ்ந்த அனுதாபங்கள் அம்மா. எப்படி நடந்தது?” என்று கேட்டேன்.

“எப்படின்னா? ஆறு மணிக்கு காபி குடிச்சான், எறங்கிட்டான்.”

“பக்கத்தில் யாரும் இல்லையா?”

“எதுக்கு? தனியாத்தான் எறங்குவான். பொழுது சாய ஏறி வந்துருவான், அப்ப பேசுங்க.”

பிறகுதான் விளங்கியது. இங்கே தறி என்பது குழித்தறி. வீட்டுத் தரையில் இடுப்பளவு குழி வெட்டி, விளிம்பில் உட்கார்ந்து, காலைக் குழிக்குள் விட்டு மிதிகட்டையை மிதித்து நெய்கிறார்கள். குழியில் இறங்குவது என்றால் வேலைக்குப் போவது. நான் அனுதாபம் சொன்ன செய்தி நான் தெருமுனைக்குத் திரும்பும் முன்பே தெருமுனையில் இருந்தது. டீக்கடையில் ஒருவர் என்னைப் பார்த்து, “சார், நானும் நாளைக்கு எறங்கறேன், மாலை வாங்கிக்கினு வாங்க,” என்றார்.

பொழுது சாய்ந்ததும் ஏறி வந்த ஏகாம்பரத்துக்கு முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். ஒல்லி, சுறுசுறுப்பு, கண்ணில் குறும்பு. நான் பேசுவதை உதட்டைப் பார்த்துப் பாதி புரிந்துகொண்டார், மீதியைக் கோமதி கையால் சொன்னார். அந்தத் தெருவில் எல்லோருக்கும் அந்தக் கைப்பேச்சு தெரியும். கோமதி சைரனைப் பற்றி என்ன சொன்னாரோ, ஏகாம்பரம் எழுந்து நின்று வயிற்றைத் தள்ளிக்கொண்டு, மூச்சு வாங்கியபடி கைப்பிடி சுற்றிக் காட்டினார். நான்தான் அது. நன்றாகவே இருந்தது.

அவர் வீட்டில் தறிக்கு மேலே ஒரு சிவப்புத் துணி தொங்கியது. அதில் கட்டிய கயிறு சுவரில் ஒரு ஓட்டை வழியாகக் கோமதியின் வீட்டுக்குள் போனது. அந்தப் பக்கத்து முனையில் ஒரு பழைய கொலுசு. கோமதி இழுத்தால் இங்கே துணி ஆடும், இவர் இழுத்தால் அங்கே கொலுசு குலுங்கும். ஒரு முறை இழுத்தால் இங்கே வா. இரண்டு முறை இழுத்தால் காபி. கயிறு பெரும்பாலும் காபிக்குத்தான் பயன்பட்டது. என் படிவத்தில் காபிக்குக் கட்டம் கிடையாது. ஆகவே கயிற்றை எழுதவில்லை.

எழுத வேண்டிய கட்டம் வேறு. “மழைக்காலம் முடியும்வரை இடம் மாற்றப்பட வேண்டியவர்கள்.” அந்தக் கட்டத்தில் ஒரு பெயரை நான் எழுதிக் கையெழுத்துப் போட்டால், மறுநாளே அவரைப் பள்ளிக்கூட மாடிக்குக் கொண்டுபோய்விடுவார்கள், வீட்டைப் பூட்டிவிடுவார்கள், தறி நிற்கும். ஏகாம்பரத்தின் மனைவி செல்வி பிரசவத்துக்கு ஐயம்பேட்டையில் தாய்வீட்டில் இருந்தார். குழந்தைக்கு மூன்று மாதம் ஆகிவிட்டது. செல்வியின் அம்மா கோமதியின் போனில் சத்தமாகப் பேசியது எனக்கும் கேட்டது, எதிர்வீட்டுக்கும் கேட்டிருக்கும்.

“வெளிநாட்டு சார் இன்னா எழுதறாரோ அதான் முடிவு, சொல்லிட்டேன். ஆபத்துன்னு அவரு எழுதினா எம் பொண்ணையும் புள்ளையையும் அந்த ஊட்டுக்கு எந்தக் காலத்துலயும் அனுப்ப மாட்டேன். காது கேக்காதவன், கால்வா ஓரம், கடைசி ஊடு. நீயே சொல்லு கோமதி, உம் பொண்ணுன்னா அனுப்புவியா?”

ஏகாம்பரம் போனைப் பார்க்கவில்லை, என் கையிலிருந்த படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அங்கே உட்காரப் பிடிக்கவில்லை.

மறுநாள் மழை இரண்டு மணி நேரம் விட்டது. உடனே தெருவில் பாவு கட்டினார்கள். பாவு என்றால் சேலையின் நீளவாட்டு நூல்கள் மொத்தமும். தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை அதை இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, நூல் நூலாகப் பிரித்துவிடுகிறார்கள். போக்குவரத்து நின்றுவிடும். ஒரு ஸ்கூட்டர்காரர் வந்து, பாவைப் பார்த்து, மரியாதையாக வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். எங்கள் ஊரில் சாலையை அடைக்க மூன்று துறையின் அனுமதி வேண்டும்.

எதிரெதிர் வீட்டுக் குமாரும் தாமோதரனும் மட்டும் வெளியே வரவில்லை. ஒரு சாக்கடைக் குழாய் விஷயமாக நான்கு வருடமாகப் பேச்சு இல்லை என்று கோமதி சொன்னார். அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஒரு தூறல் என் மூக்கில் விழுந்தது. யாரோ ஒரு பெண் குரல் எழுப்பினாள்.

“பாவு நனையுதூ!”

அவ்வளவுதான். நான் பார்த்த வெள்ள ஒத்திகைகளில் மிக நல்ல ஒத்திகையில் மக்கள் வெளியே வர ஒன்பது நிமிடம் ஆனது, அதுவும் முன்கூட்டியே கடிதம் அனுப்பிய பிறகு. இங்கே நான் குடையை விரிப்பதற்குள் எல்லா வீட்டிலிருந்தும் ஆள் வந்துவிட்டார்கள். கையில் சோறு ஒட்டியவர், பாதி முகம் சவரம் செய்தவர், எல்லோரும். யார் எங்கே நிற்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. குமாரும் தாமோதரனும் ஒரே கம்பை ஆளுக்கு ஒரு முனையில் பிடித்துக்கொண்டு, ஒருவரை ஒருவர் பார்க்காமல், கால் தவறாமல் நடந்து போனார்கள். பாவு சுருண்டு வீட்டுக்குள் போனது. கம்பை வைத்ததும் இருவரும் ஆளுக்கொரு பக்கம் துப்பிவிட்டு வீட்டுக்குள் போனார்கள்.

“இதைப் படிவத்துல எழுதலாமா சார்?” என்று கோமதி கேட்டார்.

“இது நெசவு வேலை அம்மா. பேரிடர் இல்லை,” என்றேன். இருபத்திரண்டு வருட அனுபவம் அப்படித்தான் பேசும்.

அன்று மாலை எல்லோருடைய போனிலும் எச்சரிக்கைச் செய்தி வந்தது. ஏரிகள் நிரம்புகின்றன, தாழ்வான பகுதியில் இருப்பவர்கள் கவனமாக இருக்கவும். செய்தியில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. நான் வீடு வீடாகப் போய், உங்கள் வீடு தாழ்வான பகுதியா என்று கேட்டேன். முதல் வீட்டுக்காரர் நடுவீட்டைக் காட்டினார். நடுவீட்டுக்காரர் பக்கத்துத் தெருவைக் காட்டினார். பக்கத்துத் தெருவில் மெக்கானிக் கடை வைத்திருக்கும் சாம்சன், “இன்னா சார், எங்க சர்ச்சு மேட்டுல இருக்குது, நாங்களா தாழ்வு?” என்று கோபித்துக்கொண்டு, நான் கிளம்பிய தெருவையே காட்டினார். ஏகாம்பரம் ஒருவர்தான் தன் காலுக்குக் கீழே விரலைக் காட்டினார். பிறகு என் கையைப் பிடித்து இழுத்துக் குழிக்குள் எட்டிப் பார்க்கச் சொன்னார். குழியின் சுவரில் செங்கல்லால் கீறிய கோடுகள் பல இருந்தன. நெய்து முடித்த சேலைகளின் கணக்கு என்று நினைத்துக்கொண்டு, “அடேயப்பா, நிறைய!” என்று கட்டைவிரலை உயர்த்தினேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். மறுபடியும் கோட்டைக் காட்டினார். நான் மறுபடியும் கட்டைவிரலை உயர்த்தினேன்.

மூன்றாம் நாள் வெயில் அடித்தது. குடையும் கையுமாக வந்தவன் என்பதால் என்னைப் பார்த்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். மத்தியானம் கோமதியின் வீட்டில் எலுமிச்சைச் சோறும் அப்பளமும் சாப்பிட்டுவிட்டு, படிவத்தை முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கோமதி தறியில் இருந்தார். சைரன் பெட்டி என் பக்கத்தில் இருந்தது.

ஏகாம்பரத்தின் பெயரை அந்தக் கட்டத்தில் எழுதினேன். சந்தோஷமாக எழுதவில்லை. காது கேட்காது, கூட ஆள் இல்லை, பக்கத்தில் கால்வாய். அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் அந்தக் குழந்தைக்கு யார் பதில் சொல்வது? சரியானதைத்தான் செய்கிறேன் என்று எனக்கு நானே இரண்டு தடவை சொல்லிக்கொண்டேன். கோமதி பார்த்தார், குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடாவைக் கொஞ்சம் வேகமாக வீசினார். கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

கொலுசு குலுங்கியது.

“காபியா?” என்றேன்.

கோமதி கையை நிறுத்திவிட்டு எண்ணினார். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. கொலுசு நிற்கவே இல்லை.

“காபி இல்ல இது,” என்று சொல்லிவிட்டு, பென்சில் கீழே விழ, குழியிலிருந்து ஒரே தாவாகத் தாவி வாசலுக்கு ஓடினார். தெருவில் பாவு எதுவும் இல்லை. வெயில் அடித்துக்கொண்டிருந்தது. கோமதி தெரு நடுவில் நின்று அடித்தொண்டையில் கத்தினார்.

“பாவு நனையுதூ! பாவு நனையுதூ!”

தெரு மொத்தமும் வெளியே வந்தது. வந்தவர்கள் வெறும் தெருவையும் நீல வானத்தையும் பார்த்தார்கள். “எங்க கோமதி பாவு? வெயில் மண்டையில ஏறிடுச்சா?” என்றார் தாமோதரன். கோமதி கடைசி வீட்டைக் கையால் காட்டிவிட்டு ஓடினார். எல்லோரும் பின்னால் ஓடினோம்.

ஏகாம்பரத்தின் குழியில் தண்ணீர் அவர் முழங்காலைத் தொட்டிருந்தது. தெருவில் ஒரு சொட்டு இல்லை, கால்வாய்கூடக் கரைக்குள்தான் இருந்தது, ஆனால் குழிக்குள் தரையிலிருந்து ஊறி ஊறி ஏறிக்கொண்டிருந்தது. அவர் உள்ளேயே நின்றிருந்தார். ஒரு கையால் கயிற்றை இழுத்துக்கொண்டே, இன்னொரு தோளால் நெய்த சேலைச் சுருளைத் தண்ணீருக்கு மேலே தாங்கிக்கொண்டிருந்தார். ஐயோ சாமி, இந்த மனிதன் ஏறி ஓடாமல் எதற்கு நிற்கிறான் என்று பினாங்குத் தமிழில் கத்தினேன். யாரும் கவனிக்கவில்லை. ஏகாம்பரம் எங்களைப் பார்த்ததும் கயிற்றை விட்டுவிட்டு, இரண்டு கையாலும் ஒரே சைகையைத் திரும்பத் திரும்பக் காட்டினார். இங்கே இல்லை, தெருவுக்கு, தெருவுக்கு.

“வருதாம்!” என்றார் கோமதி. “எல்லா ஊட்டுக்கும் வருதாம். கடைசி ஊட்டுலருந்து தூக்கிக்கினே போவோம். புள்ளைங்க, நடக்க முடியாதவங்க மொதல்ல ஸ்கூல் மாடிக்கு!”

தறியிலிருக்கும் பாவை அவசரத்தில் கழற்ற முடியாது. சுருள், நூல்கள் நுழைந்திருக்கும் அச்சு, பின்னால் நீண்டிருக்கும் நூல் எல்லாவற்றையும் ஒரே இறுக்கத்தில் பிடித்துத் தூக்கி உத்தரத்தில் கட்ட வேண்டும். ஒருவர் தளர்த்தினாலும் நூல் சிக்கிக்கொள்ளும், பிறகு அறுக்கத்தான் வேண்டும். ஒரு தறிக்கு ஏழு பேர். ஏகாம்பரத்தையும் சேர்த்து ஆறு பேர்தான் அங்கே நின்றார்கள். மற்றவர்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். குமார் என்னைப் பார்த்தார்.

“சார், புடிங்க. இழுக்காதீங்க, விடாதீங்க. சும்மா இருங்க, அது போதும்.”

சும்மா இருப்பதில் எனக்கு இருபத்திரண்டு வருடப் பயிற்சி உண்டு. பிடித்தேன். குமார் தலையை ஆட்டி “ஏ…லே” என்றதும் ஏழு பேரும் ஒன்றாகத் தூக்கினோம். தாமோதரன் உத்தரத்தில் கயிற்றை வீசி முடிச்சுப் போட்டார். ஏகாம்பரம் கடைசியாகக் குழியிலிருந்து ஏறினார், ஏறியதும் அடுத்த வீட்டுக்கு ஓடினார். மூன்றாவது வீட்டில் இருக்கும்போது சாம்சன் தன் தெரு ஆட்களோடு வந்துவிட்டார். யாரைக் கூப்பிட்டார்கள் என்று கேட்டேன். “யாரும் கூப்புடல. பாவு நனையுதுன்னு கேட்டுச்சு. எங்க அப்பாரு காலத்துலருந்து அதுக்கு வர்றோம் சார்,” என்றார். அவர் வீட்டில் தறியே கிடையாது.

ஐந்தாவது வீட்டில்தான் யாரோ கேட்டார்கள், “சார், அந்தச் சைரனு இன்னாச்சு? அடுத்த தெருவுக்கும் கேக்குமே, ஊதுங்களேன்.” எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பெட்டி பூட்டியிருந்தது. சாவி லாட்ஜில் இருந்தது. லாட்ஜ் ஊரின் மறுபக்கத்தில் இருந்தது. இதை நான் மெதுவாகச் சொன்னேன். ஒருவரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கடைசித் தறியைக் கட்டி முடித்தபோது கால்வாய் பொங்கித் தெருவுக்குள் வந்தது. சத்தமே இல்லாமல், வீட்டுக்காரன் மாதிரி வந்தது. நாங்கள் பள்ளிக்கூட மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தோம். தண்ணீர் வாசல்படிகளை மூடியது. தெருவில் ஆள் ஒருவர்கூட இல்லை. ஒவ்வொரு வீட்டிலும் உத்தரத்திலிருந்து ஒரு சேலை பாதி நெய்தபடி தொங்கிக்கொண்டிருந்தது. அந்தத் தெருவில் அன்று தொலைந்த பொருள் என் இடதுகால் செருப்பு ஒன்றுதான்.

மாடியில் பெரிய அண்டாவில் உப்புமா கிண்டினார்கள். குமார் தாமோதரனுக்குத் தட்டை நீட்டினார். தாமோதரன் வாங்கிக்கொண்டு, “உப்பு கம்மி,” என்றார். நான்கு வருடத்தில் அதுதான் முதல் பேச்சு என்று கோமதி என் காதில் சொன்னார்.

நான் ஏகாம்பரத்தின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். வெயில் அடிக்கும்போது எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே கட்டைவிரலை என் மூஞ்சிக்கு நேரே உயர்த்திக் காட்டினார், நேற்று நான் காட்டிய அதே மாதிரி. கோமதி விளக்கினார்.

“அந்தக் கோடுங்க சேலைக் கணக்கு இல்ல சார். ஒவ்வொரு மழைக்கும் குழியில எது வரைக்கும் ஊறுது, அப்புறம் தெருவுல எது வரைக்கும் வருதுன்னு அவனா கீறி வச்சிருக்கான். மேல ஏரி ரொம்பினா மொத மொத அவன் காலுக்குத்தான் தெரியும். எங்க குழியிலல்லாம் அப்புறம்தான் ஊறும். அவன் ஊடுதானே பள்ளம்.”

“இதை ஏன் அம்மா முதல் நாளே சொல்லவில்லை?”

“அவன் நேத்து சொன்னானே சார். நீங்க அடேயப்பான்னிங்க.”

சட்டைப்பையிலிருந்து படிவத்தை எடுத்தேன். நனைந்து கூழாகியிருந்தது. நான் எழுதிய பெயர் பின்பக்கம்வரை ஊறியிருந்தது. காது கேட்காதவர், தனி ஆள், பள்ளத்து வீடு என்று அந்த மனிதனைப் பற்றி நான் தெரிந்துகொண்ட மூன்றும் உண்மைதான். அந்த மூன்றை வைத்துத்தான் அவரைத் தெருவிலிருந்து எடுத்துவிட இருந்தேன். நான் மட்டும் முதல் நாளே கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்தால், அன்று அந்தக் குழியில் கால் வைக்க யாரும் இருந்திருக்க மாட்டார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. ஏகாம்பரத்திடம் அதைச் சொல்லத் தெரியவில்லை. என் உப்புமாவில் இருந்த முந்திரியை எடுத்து அவர் தட்டில் வைத்தேன். அவர் சாப்பிட்டுவிட்டார்.

சாலையில் தண்ணீர் நின்றதால் நான் திரும்புவது ஐந்து நாள் தள்ளிப்போனது. புதுப் படிவம் ஒன்று வாங்கி, கோமதியோடு உட்கார்ந்து எழுதினேன். இடம் மாற்றப்பட வேண்டியவர்கள் என்ற கட்டத்தில் கோடு போட்டேன். முன்னெச்சரிக்கை ஏற்பாடு என்ற கட்டத்தில் “ஏகாம்பரம்” என்று எழுதினேன். தகுதி என்று கேட்டிருந்த இடத்தில் “குழியில் இருக்கிறார்” என்று எழுதினேன். அழைக்கும் முறை: பாவு நனைகிறது என்று கூவ வேண்டும். கொலுசு குலுங்கியதும் ஏகாம்பரம் வீட்டுக் குழந்தையை முதலில் மாடிக்குத் தூக்கிப் போக வேண்டும் என்று கோமதி சொல்ல, அதையும் எழுதினேன், தூக்க வேண்டியவர் பெயரோடு. தாமோதரன். இரண்டாவது ஆள் குமார். கையெழுத்துப் போட்டேன்.

பிறகு சைரனை எங்கே வைப்பது என்ற பேச்சு வந்தது. எங்கள் அலுவலகத்தில் ஏழு கூட்டம் ஆன விஷயம். சாம்சன் பெட்டியைத் தரையில் வைத்து, நான் லாட்ஜிலிருந்து கொண்டுவந்த சாவியால் திறந்து, சைரனை ஒரு சுற்று சுற்றினார். சுற்றியவர் உடனே விட்டுவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டார். குமார் முயன்றார். ஒரு கையால் சுற்றினால் ஒரு காதைத்தான் பொத்த முடிகிறது. தாமோதரன், “எவன்யா இத்தக் கண்டுபுடிச்சான்,” என்று தள்ளி நின்றார். அப்போது ஏகாம்பரம் வந்தார். ஒரு உள்ளங்கையைச் சைரனின் மேல் வைத்து, மறுகையால் சுற்றினார். அதிர்வு கைவழியாக ஏற ஏற அவர் முகம் மலர்ந்தது. முழு வேகத்தில், நிறுத்தாமல், நிதானமாகச் சுற்றினார். நாங்கள் அத்தனை பேரும் காதைப் பொத்திக்கொண்டு நின்றோம். கூட்டம் அத்தோடு முடிந்தது.

செய்தி ஐயம்பேட்டைக்குப் போனது. மாமியார் இரண்டு நாள் யோசித்தாராம். மூன்றாம் நாள் தன் தெருவில், “எங்க மாப்பிள்ளதான் அந்த ஏரியாவுக்கு வெள்ள ஆபீசரு,” என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். இதுவும் கோமதியின் போன்வழியாக எனக்கு நன்றாகக் கேட்டது.

நான் கிளம்பும் நாள் காலையில் சைரனை ஏகாம்பரத்தின் வாசல் சுவரில், தலைக்கு மேல் உயரத்தில், சாம்சன் திருகி மாட்டினார். கைப்பிடி எட்டுவதற்கு ஒரு மர முக்காலி போட்டார்கள். தெரு கூடியிருந்தது. என் பையில் அரக்குச் சேலை இருந்தது, கரை மாம்பழ நிறம்தான், கோமதி பார்த்து எடுத்தது. ஏகாம்பரம் முக்காலியில் ஏறி, எங்களைப் பார்த்துக் காதைப் பொத்திக்கொள்ளும்படி சைகை காட்டிவிட்டுச் சுற்றத் தொடங்கினார்.

அப்போதுதான் தெருமுனையில் ஷேர் ஆட்டோ வந்து நின்றது. செல்வி குழந்தையோடு இறங்கினார். சைரன் சத்தத்தில் யாரும் எதுவும் சொல்ல முடியவில்லை. ஏகாம்பரம் சுவரைப் பார்த்துச் சுற்றிக்கொண்டிருந்தார். செல்வி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முக்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றார். தற்செயலாக ஏகாம்பரம் திரும்பினார். குழந்தை முகம் சிவக்க, வாயைத் திறந்து, கை காலை உதறி அழுதுகொண்டிருந்தது. அது அழுவது அந்த இரைச்சலில் எங்கள் ஒருவருக்கும் கேட்கவில்லை. அவர் பார்த்துவிட்டார். கைப்பிடியை அப்படியே விட்டுவிட்டுக் கீழே குதித்தார்.

கையை எடுத்தாலும் அந்தச் சைரன் உடனே நிற்காது. மெல்ல மெல்ல இறங்கித்தான் ஓயும். அது ஓய்ந்து, நாங்கள் காதிலிருந்து கையை எடுத்தபோது, குழந்தை அப்பாவின் தோளில் அழுகையை நிறுத்தியிருந்தது.